மார்க்கம் எது, மாமூல் எது: இஸ்லாத்தில் பெண்ணைப் பற்றிய வாசிப்புகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

நாகர்கோவில், தக்கலை, குளச்சல் பக்கம் இந்தப் பேச்சு எங்கே கிளம்பினாலும் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடும். ஒருவர், ‘ஆயிரத்து நானூறு வருசத்துக்கு முந்தியே பொம்பளைக்கு எல்லா உரிமையும் குடுத்தாச்சு, இனி என்ன பேச்சு?’ என்பார். இன்னொருவர், ‘அங்க பொம்பளைக்கு ஒண்ணுமே கிடையாது’ என்பார். முதல் வாக்கியம் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) மேடையில் அதிகம் கேட்கும், இரண்டாவது டீக்கடையில். ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்று: இஸ்லாம் என்றைக்கும் ஒரே குரலில்தான் பேசியிருக்கிறது என்று இருவருமே நம்புகிறார்கள்.

‘இஸ்லாமியப் பெண்ணியம்’ என்ற சொல்லும் இந்தச் சண்டைக்குள் வந்து விழுந்து அடிபடுகிறது. மேற்கத்தியச் சரக்கு என்று ஒரு பக்கமும், மதத்துக்குப் பூசிய சுண்ணாம்பு என்று மறுபக்கமும் தள்ளிவிடுகிறார்கள். அது எதை வாசிக்கிறது, எப்படி வாசிக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. அரபி தெரியாத, மத்ரஸாவுக்குப் போயிராத வாசகருக்காக அதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

அணையும் கடைமடையும்

பேச்சிப்பாறை அணையைத் திருவிதாங்கூர் அரசு 1906இல் கட்டி முடித்தது. அந்தத் தண்ணீர் நேராக யாருடைய வயலிலும் வந்து விழுவதில்லை. பெரிய கால்வாய், கிளைக்கால்வாய், குளம், மடை, ஓடை என்று இறங்கித்தான் வயலுக்கு வருகிறது. கடைமடைக்காரர் தன் வயல் காய்ந்தால் ‘அணையில தண்ணி இல்ல’ என்பார். அணை நிறைந்தே இருக்கலாம். வழியில் எங்கோ ஷட்டர் இறங்கியிருக்கும், கால்வாயில் புல் மண்டியிருக்கும், அல்லது மேல்மடைக்காரர் அடைத்திருப்பார். கால்வாய் இல்லாமல் தண்ணீர் வராது என்பது நிஜம். அதற்காகக் கால்வாயையே அணை என்று சொல்லிவிட முடியாது.

‘மார்க்கத்துல அப்படித்தான் இருக்கு’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் அணையைச் சொல்கிறாரா, கால்வாயைச் சொல்கிறாரா, மேல்மடைக்காரரைச் சொல்கிறாரா? இந்தக் கட்டுரையின் மொத்த விஷயமும் இந்தக் கேள்விதான்.

ஒரு சட்டம் நம் வீட்டுக்கு வந்து சேரும் வழி

மேலே இருப்பது குர்ஆன். 114 அத்தியாயங்கள்; முஸ்லிம்களுக்கு அது இறைவனின் சொல். அடுத்தது ஹதீஸ்: நபிகள் நாயகம் சொன்னதும் செய்ததும் என்று ஆளிலிருந்து ஆளுக்குச் சொல்லப்பட்டு வந்து, பிறகு நூல்களாகத் தொகுக்கப்பட்ட அறிவிப்புகள். ஒரு வசனத்துக்கு அறிஞர்கள் எழுதிய விளக்கவுரை தஃப்ஸீர். வசனத்தையும் ஹதீஸையும் வைத்து ‘இதைச் செய்யலாம், இதைச் செய்யக்கூடாது’ என்று சட்ட வல்லுநர்கள் வகுத்த விதித்தொகுப்பு ஃபிக்ஹு. ஃபிக்ஹில் வெவ்வேறு பள்ளிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு மத்ஹப். சுன்னி முஸ்லிம்களிடம் நிலைத்தவை ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ, ஹன்பலி என்ற நான்கு.

இதற்கும் கீழே இரண்டு படிகள் இருக்கின்றன, அவற்றைப் பலரும் எண்ணுவதே இல்லை. ஒன்று ஊர் வழக்கம், அதாவது மாமூல். இன்னொன்று இந்திய அரசின் சட்டம்: 1937இன் ஷரீஅத் சட்டத்தில் தொடங்கி 2019இன் முத்தலாக் தடைச் சட்டம் வரை.

ஷரீஅத் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது இறைவன் காட்டிய வழியை. ஃபிக்ஹு என்பது அந்த வழியை மனிதர்கள் புரிந்துகொண்ட விதம். இந்த வேறுபாட்டைப் பெண்ணியவாதிகள் கண்டுபிடிக்கவில்லை. ‘இது எனக்குத் தெரிந்தவரை, இறைவனே நன்கறிவான்’ என்று முடிக்கும் வழக்கம் பழைய சட்ட அறிஞர்களுடையதுதான். பிற்காலத்தில் அந்த அடக்கம் மேடைகளில் காணாமல் போனது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மூலம் ஒன்று, விளக்கம் பல, சட்டப் பள்ளிகள் நான்கு, வழக்கங்கள் ஊருக்கு ஊர். நாம் வாழ்வது பெரும்பாலும் கீழ்ப்படிகளில்.

அடுத்தடுத்த தெரு, வேறு வேறு தீர்ப்பு

வயது வந்த ஒரு பெண் தன் நிக்காஹைத் தானே செய்துகொள்ள முடியுமா? ஷாஃபிஈ மத்ஹபில் முடியாது. வாப்பாவோ அவர் இல்லாவிட்டால் அடுத்த ஆண் உறவினரோ வலீயாக, அதாவது பொறுப்பாளராக, நின்று செய்து கொடுத்தால்தான் நிக்காஹ் செல்லும். ஹனஃபி மத்ஹபில் புத்தி சுவாதீனமுள்ள, வயது வந்த பெண் தானே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்; மணமகன் தகுதியில்லாதவன் என்றால் குடும்பம் ஆட்சேபிக்கலாம், அவ்வளவுதான். தமிழ்நாட்டின் கடலோர முஸ்லிம் ஊர்களில் ஷாஃபிஈயும் உள்நாட்டில் ஹனஃபியும் பரவலாக இருக்கின்றன. இரண்டு மத்ஹபுக்காரர்களும் ஒரே குர்ஆனைத்தான் ஓதுகிறார்கள். ‘பெண் தன் இஷ்டத்துக்கு நிக்காஹ் செய்ய இஸ்லாத்தில் இடமில்லை’ என்று ஒருவர் சொன்னால், ‘எந்த மத்ஹபில்?’ என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கனமான உதாரணம் காணாமல் போன கணவன். நம் மாவட்டத்துக்கு இது ஏட்டில் படிக்கிற கதை அல்ல. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த பிறகு, கரை திரும்பாத ஆண்களுக்காக எத்தனையோ மீனவ வீடுகள் காத்திருந்தன. போனவர் இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத மனைவிக்குச் சட்டம் என்ன பதில் வைத்திருக்கிறது?

பழைய ஹனஃபி ஃபிக்ஹு வைத்திருந்த பதில் கொடுமையானது. கணவனின் வயதுக்காரர்கள் எல்லாம் இறந்துபோகும் வரை காத்திரு. சிலர் அவனுக்குத் தொண்ணூறு வயதாகும் காலம் வரை என்று கணக்குச் சொன்னார்கள். மாலிகி மத்ஹபில் நான்கு வருடம் போதும். இந்தியாவில் பெரும்பான்மை ஹனஃபிகள் என்பதால் பெண்கள் மாட்டிக்கொண்டார்கள். பஞ்சாபில் சில பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: இஸ்லாத்தை விட்டு வெளியேறினால் நிக்காஹ் தானாக முறிந்துவிடும் என்று ஃபிக்ஹு சொன்னது. வெளியேறினார்கள்.

இது உலமாக்களை, அதாவது மார்க்க அறிஞர்களை, உலுக்கியது. வட இந்தியாவின் தேவ்பந்த் மத்ரஸா மரபைச் சேர்ந்த அஷ்ரஃப் அலீ தானவீ 1930களின் தொடக்கத்தில், இந்த விஷயத்தில் ஹனஃபிகள் மாலிகி விதியை எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு எழுதினார். பிற மத்ஹபுகளின் மார்க்க அறிஞர்களிடமும் கருத்துக் கேட்டு எழுதியது அது. அந்த வேலையின் தொடர்ச்சிதான் 1939இன் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். கணவனைப் பற்றி நான்கு வருடம் தகவல் இல்லையென்றால், இரண்டு வருடம் செலவுக்குக் கொடுக்காமல் விட்டால், கொடுமை செய்தால், இப்படிப் பல காரணங்களுக்காக மனைவி நீதிமன்றம் போய் நிக்காஹை முறித்துக்கொள்ளலாம். இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

தானவீயைப் பெண்ணியவாதி என்று அழைத்தால் அவரே முதலில் கோபப்படுவார். பெண்களுக்காக அவர் எழுதிய அறிவுரைகள் இன்றைய காதுக்குக் கட்டுப்பெட்டித்தனமாகத்தான் ஒலிக்கும். ஆனாலும் ஃபிக்ஹு மாறக்கூடியது, பெண்களின் நெருக்கடியே அதை மாற்றக்கூடியது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி கேட்டவர்கள் முன்பே இருந்தார்கள்

கவ்லா பின்த் ஸஃலபா என்ற பெண்ணைக் கணவர், ‘நீ எனக்கு என் தாயின் முதுகைப் போல’ என்று சொல்லி விலக்கினார். பழைய அரேபியாவில் அப்படிச் சொல்லிவிட்டால் அவள் மனைவியும் இல்லை, விடுதலையானவளும் இல்லை. கவ்லா நபிகள் நாயகத்திடம் போய் வழக்காடினார். குர்ஆனின் 58ஆம் அத்தியாயம், கணவனைப் பற்றி உம்மிடம் வாதாடியவளின் பேச்சை இறைவன் கேட்டுவிட்டான் என்றே தொடங்குகிறது. அந்த வழக்கம் கண்டிக்கப்பட்டது. நபியின் மனைவி உம்மு ஸலமா, குர்ஆனில் பெண்கள் ஏன் ஆண்களைப் போலக் குறிப்பிடப்படவில்லை என்று கேட்டதாக ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. ‘முஸ்லிமான ஆண்களும் முஸ்லிமான பெண்களும்’ என்று தொடங்கி பத்து இணைகளாக நடக்கும் 33:35 வசனம் (33ஆம் அத்தியாயம், 35ஆம் வசனம்) அதற்குப் பதிலாக வந்தது என்பார்கள்.

நபியின் இன்னொரு மனைவி ஆயிஷாவின் கதை இன்னும் சுவையானது. அவர் வழியாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் வந்திருக்கின்றன. மற்றவர்கள் சொன்னதைத் திருத்துவதிலும் அவர் கெட்டிக்காரி. தொழுகிறவருக்கு முன்னால் நாய், கழுதை, பெண் குறுக்கே போனால் தொழுகை முறியும் என்று சிலர் சொன்னபோது, எங்களை நாய்க்கும் கழுதைக்கும் சமமாக்கிவிட்டீர்களே என்று ஆயிஷா கடிந்துகொண்டார். நபி தொழும்போது தான் அவருக்கு முன்னால் படுத்திருந்ததைச் சான்றாகச் சொன்னார். இது புகாரீ என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. இப்படி அவர் திருத்திய இடங்களை மட்டும் 14ஆம் நூற்றாண்டில் ஸர்கஷீ என்ற அறிஞர் தனி நூலாகத் தொகுத்தார்.

பெண்ணிய வாசிப்பு செய்வது என்ன

இனி நம் காலத்துக்கு வரலாம். ‘இஸ்லாமியப் பெண்ணியம்’ என்ற பெயர் 1990களில் பரவியது. இந்த வேலையைச் செய்யும் பலர் அந்தப் பெயரை ஏற்பதில்லை. பெயரைவிட வேலைதான் முக்கியம்.

அமெரிக்காவின் ஆமினா வதூத் 1992இல் வெளியிட்ட நூலில் ஒரு எளிய கேள்வியை வைத்தார்: நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்ற தஃப்ஸீர்களை எழுதியவர்கள் எல்லாரும் ஆண்களாக இருக்கும்போது, பெண்ணின் அனுபவம் அந்த விளக்கத்துக்குள் எப்படி வரும்? ஒரு வசனத்தைத் தனியே பிய்த்தெடுக்காமல் முழு குர்ஆனின் நோக்கத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது அவர் முறை. இருவரையும் ஒரே உயிரிலிருந்து படைத்ததாகச் சொல்லும் 4:1, நம்பிக்கை கொண்ட ஆண்களும் பெண்களும் ஒருவருக்கொருவர் துணைவர்கள் என்னும் 9:71, இவை அடித்தளம். மற்றவற்றை இவற்றின் மேல் வைத்துப் படிக்க வேண்டும். பாகிஸ்தானில் பிறந்த அஸ்மா பர்லாஸும் ஏறக்குறைய இந்தத் திசையில்தான் போனார்.

மொராக்கோவின் ஃபாத்திமா மெர்னிஸ்ஸி (1940–2015) வேறு வழி. அவர் ஹதீஸைச் சொன்ன ஆளைப் பிடித்தார். ‘பெண்ணிடம் ஆட்சியை ஒப்படைத்த கூட்டம் உருப்படாது’ என்ற பொருளில் ஒரு ஹதீஸ் உண்டு. பாரசீகத்தில் ஒரு பெண் அரியணை ஏறிய செய்தி வந்தபோது நபி சொன்னதாக அபூ பக்ரா என்பவர் அறிவிக்கிறார். அவர் அதை எப்போது நினைவுகூர்ந்தார்? நபி இறந்து ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 656இல் முஸ்லிம்களுக்குள்ளேயே நடந்த ஒட்டகப் போரில் ஆயிஷா தோற்றதை ஒட்டி. அதற்கு முன் ஏன் சொல்லவில்லை என்று மெர்னிஸ்ஸி கேட்டார். மரபு அறிஞர்கள் இதை ஏற்பதில்லை: நபித்தோழர்கள் நம்பத்தக்கவர்கள், ஹதீஸ் புகாரீயில் இருக்கிறது, முடிந்தது என்பார்கள். பாரசீகத்தைப் பற்றிச் சொன்னதை எல்லா நாட்டுக்கும் விதியாக்கலாமா என்ற கேள்வி மட்டும் அவர்களுக்குள்ளேயே உயிரோடு இருக்கிறது.

எல்லாரும் தயங்கும் இடம் 4:34. ஆண்கள் பெண்களுக்குப் பொறுப்பாளர்கள் என்றும், மனைவி எல்லை மீறினால் அறிவுரை, படுக்கையில் விலகல், பிறகு அடி என்றும் வழக்கமாகப் பொருள் கொள்ளப்படும் வசனம். அது மிஸ்வாக் (பல் துலக்கும்) குச்சியால் தட்டுவது போன்றதே என்று பழைய விளக்கவுரைகள் சுருக்கின. 8ஆம் நூற்றாண்டில் மக்காவில் இருந்த சட்ட அறிஞர் அதா, கணவன் அடிக்கக் கூடாது, கோபத்தைக் காட்டினால் போதும் என்றார். நபி ஒருபோதும் ஒரு பெண்ணை அடித்ததில்லை என்பது ஆயிஷாவின் சாட்சி. இன்றைய வாசகர்களில் சிலர் அந்த அரபிச் சொல்லுக்கு ‘விலகிப் போ’ என்றே பொருள் சொல்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் இழுத்துப் பிடித்த விளக்கமாகப் படுகிறது. வதூத் பின்னாளில் நேர்மையாக ஒரு படி மேலே போனார்: எந்த விளக்கத்தாலும் இதைச் சரிக்கட்ட முடியவில்லை, இதன் நேரடி அமலாக்கத்துக்கு என் பதில் ‘இல்லை’ என்று எழுதினார். ஃபிக்ஹின் வரலாற்றைத் தோண்டும் கீஸியா அலீ என்ற இன்னொரு அறிஞரும், நாம் விரும்பும் சமத்துவத்தை மூலத்தில் ஏற்றி வாசிக்கும் அவசரம் வேண்டாம் என்று எச்சரிக்கிறார். இந்த வாசிப்பாளர்கள் எல்லாரும் ஒரே கட்சி என்று நினைப்பவர்கள் இந்த உட்சண்டையைக் கவனிக்க வேண்டும்.

சுருக்கம்: ஒருவர் வசனத்தை முழு நூலோடு சேர்த்துப் படிக்கிறார், இன்னொருவர் ஹதீஸ் வந்த பாதையை விசாரிக்கிறார், மூன்றாமவர் ஃபிக்ஹின் வரலாற்றைத் தோண்டுகிறார். குர்ஆனைத் தூக்கிப்போடச் சொல்பவர் இவர்களில் யாருமில்லை.

தக்கலையில் கேட்ட கேள்வி

தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூலின் ‘மைலாஞ்சி’ தொகுப்பு 2000களின் தொடக்கத்தில் பெரிய சர்ச்சையானது. இத்தனை ஆண் நபிமார்களுக்கு நடுவே ஏன் ஒரு பெண் நபிகூட இல்லை என்ற கேள்வி அந்தக் கவிதைகளில் ஒன்றில் வருகிறது. கேட்டதே குற்றம் என்று பலர் கொதித்தார்கள்.

ஆனால் அந்தக் கேள்வி பழையது. ஸ்பெயினின் குர்துபா நகரத்தில் வாழ்ந்து 1064இல் இறந்த இப்னு ஹஸ்ம், பெண்களும் நபியாக இருந்திருக்கிறார்கள் என்று விரிவாக வாதிட்டார். மர்யமிடமும் (மரியாள்) மூஸாவின் (மோசே) தாயிடமும் இறைச்செய்தி வந்ததாகக் குர்ஆனே சொல்கிறதே என்பது அவர் ஆதாரம். 13ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற தஃப்ஸீர் ஆசிரியர் குர்துபீயும் மர்யம் நபிதான் என்றார். பெரும்பான்மை அறிஞர்கள் மறுத்தார்கள், மறுத்து எழுதினார்கள். அங்கே அது விவாதமாக இருந்தது. தக்கலைக்கு வந்து சேரும்போது அவதூறாகிவிட்டது. வழியில் எந்த மடை அடைபட்டது என்பதை யோசிக்கலாம்.

சொத்தும் சீதனமும்

‘மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு’ என்பது 4:11. இது ஃபிக்ஹு ஊகம் அல்ல, மூலத்திலேயே இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. எல்லா நிலையிலும் பெண்ணுக்குப் பாதிதான் என்பது மட்டும் தவறு. பிள்ளைகள் உள்ள ஒருவர் இறந்தால் அவருடைய தாய்க்கும் தந்தைக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று, சமமாக. மரபு வாதம்: குடும்பச் செலவு முழுக்க ஆணின் கடமை, பெண்ணின் பணம் அவளுக்கே, ஆகவே கணக்குச் சரி. புதிய வாசிப்பின் பதில்: இன்று பெண்ணும் சம்பாதித்துக் குடும்பம் நடத்துகிறாள், கடமை மாறியபின் பங்கு மட்டும் ஏன் அப்படியே நிற்க வேண்டும்?

அண்டை வீட்டையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 1916இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை இதுதான் நடந்தது. தமிழ்நாட்டில் இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை 1989இல்தான் வந்தது. பெண்ணுக்குக் குறைத்துக் கொடுப்பது ஒரு மதத்தின் தனிச்சொத்து அல்ல.

நடப்பு வேறு கதை. 4:4 மணமகளுக்கு மஹர் கொடுக்கச் சொல்கிறது. மஹர் என்பது மணமகன் மணமகளுக்கே சொந்தமாகத் தரும் தொகை அல்லது பொருள். நம் மாவட்டத்தில் பவுன் கணக்கு பெரும்பாலும் எதிர்த் திசையில் ஓடுகிறது. மதம் எதுவானாலும் சீதனம், கைக்கூலி, கார். சீதனத்துக்குக் குர்ஆனிலும் இடமில்லை, ஃபிக்ஹிலும் இடமில்லை. அது சுத்தமான ஊர் வழக்கம். பிறகு வாப்பா மவுத்தானதும் (இறந்ததும்), ‘உனக்குத்தான் கல்யாணத்துக்கே எல்லாம் செஞ்சாச்சே’ என்று அந்த ஒரு பங்கையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். பாதிப் பங்கு அநியாயம் என்று வாதிடும் பெண்ணியவாதியும், பாதிப் பங்கு இறை ஆணை என்று சொல்லும் மௌலவியும் இந்த இடத்தில் ஒரே பக்கம் நிற்க வேண்டியவர்கள். நிற்பதை அதிகம் பார்க்க முடியவில்லை.

தலாக், பள்ளிவாசல்

ஒரே மூச்சில் மூன்று தலாக் என்பதற்கும் இதே கதைதான். குர்ஆன் சொல்வது இடைவெளி விட்ட தலாக்கும், இரு குடும்பத்திலிருந்தும் நடுவர்களும் (2:229, 4:35). ஒரே அமர்வில் சொன்னாலும் மூன்றாகவே செல்லும் என்பது நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்து. ஒன்றாகத்தான் எண்ண வேண்டும் என்றார் 1328இல் இறந்த இப்னு தைமிய்யா. எகிப்து 1929லேயே சட்டத்தில் அதை ஏற்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 22 அன்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் முத்தலாக்கைச் செல்லாததாக்கியது. 2019இல் அது மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமும் ஆனது. நிக்காஹையே முறிக்காத ஒரு சொல்லுக்குச் சிறை எதற்கு என்று கேட்பவர்களில் பெண்ணுரிமைக்காரர்களும் உண்டு.

‘இறைவனின் பெண் அடியார்களைப் பள்ளிவாசலிலிருந்து தடுக்காதீர்கள்’ என்ற ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. ஆனாலும் தமிழ்நாட்டில் பல பள்ளிகளில் பெண்களுக்கு இடம் கிடையாது. ஊர் முஸ்லிம்களின் நிர்வாகச் சபையான ஜமாஅத்தின் விசாரணையிலும் அப்படித்தான். பெண்ணின் வழக்கை அவள் சார்பில் ஓர் ஆண் பேசுவான். இதை எதிர்த்துத்தான் புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத் அமைத்தார்.

ஒரு நடைமுறை விஷயம்

நிக்காஹ் ஃபிக்ஹில் ஓர் ஒப்பந்தம். அதில் நிபந்தனை போடலாம். ஹனஃபி சட்டத்தில் ‘தஃப்வீழ்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு: தலாக் சொல்லும் அதிகாரத்தைக் கணவன் மனைவிக்கு ஒப்படைப்பது. செலவுக்குக் கொடுக்காவிட்டால், இன்னொரு திருமணம் செய்தால் என்று எந்த நிலையில் அந்த அதிகாரம் அவளுக்கு வரும் என்பதை எழுதிக்கொள்ளலாம். நூற்றாண்டுகள் பழைய ஏற்பாடு, இந்திய நீதிமன்றங்களும் ஏற்றது. மண்டபம், பிரியாணி, பவுன் எல்லாம் பேசி முடிக்கும் நாளில் இதையும் பேசலாம். யாரும் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள். பெண் வீட்டார்தான் கேட்டு எழுத வைக்க வேண்டும்.